பால் உறைவதும் பிள்ளை வளர்வதும்: ‘த்ரெஃபோ’ என்ற கிரேக்க வினைச்சொல்

பொலிஃபெமஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கன் மாலையில் தன் குகைக்குத் திரும்புகிறான். உட்கார்ந்து ஆடுகளை ஒவ்வொன்றாகக் கறக்கிறான். கறந்து முடித்ததும் அதனதன் குட்டியை மடியில் ஊட்டவிடுகிறான். பிறகு பாலில் பாதியை உறையவைத்து, திரண்டதை அள்ளிப் பின்னல் கூடைகளில் வைக்கிறான். மறுபாதியை இரவு உணவோடு குடிப்பதற்காகப் பாத்திரங்களில் விட்டுவைக்கிறான். ஹோமரின் ‘ஒடிசி’யில் 9-ஆம் பாகத்தில் வரும் காட்சி இது. குகையின் மூலையில் பதுங்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்தவன் ஒடிசியஸ்.

அதே காவியத்தின் 19-ஆம் பாகத்தில், ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் சொந்த வீட்டுக்குள் வந்திருக்கிறான். ஊரைவிட்டுப் போய் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. யூரிக்லியா என்ற கிழவி அவன் கால்களைக் கழுவுகிறாள். முழங்காலுக்கு மேலே இருக்கும் பழைய தழும்பு அவள் கையில் தட்டுப்படுகிறது. பிடித்திருந்த காலை விட்டுவிடுகிறாள். பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டுகிறது. அவள் கத்திவிடாதபடி தொண்டையைப் பிடித்து அருகில் இழுத்து ஒடிசியஸ் கேட்கிறான்: என்னை அழிக்கவா பார்க்கிறாய், உன் மார்பில் வைத்து என்னை வளர்த்தவள் நீதானே?

அரக்கன் பாலை ‘உறையவைத்தான்’ என்று முதல் காட்சியில் வருவதும், கிழவி பிள்ளையை ‘வளர்த்தாள்’ என்று இரண்டாவது காட்சியில் வருவதும் ஒரே வினைச்சொல். அதன் பெயர் த்ரெஃபோ. கிரேக்கம் படிக்கத் தொடங்கும் எவரும் இங்கே ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். ஒரே உருவத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றனவோ என்று தோன்றும். அகராதியைத் திறந்தால் ஒரே சொல்தான் இருக்கிறது. முதல் பொருளாகத் திரவத்தைக் கெட்டியாக்குதல், உறையவைத்தல் என்று போட்டிருக்கும். ஊட்டி வளர்த்தல் என்பது அதற்குப் பின்னால்தான் வரும்.

இங்கே ஒரு சின்ன இலக்கணச் செய்தி. தமிழ் அகராதியில் வினைகளை ‘வளர்’ என்றோ ‘வளர்த்தல்’ என்றோ தேடுகிறோம். கிரேக்க அகராதியில் தன்மை ஒருமை நிகழ்கால வடிவமே தலைச்சொல்லாக நிற்கும். ஆகவே த்ரெஃபோ என்றால் ‘நான் வளர்க்கிறேன்’ என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் வளர்த்தேன்’ என்று யார் சொல்லலாம் என்பதுதான் இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

முதலில் பாலுக்கு வருவோம். எங்கள் வீட்டில் இரவு சாப்பாடு முடிந்ததும் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைப்போம். அதன் பிறகு யாரும் அதை அசைக்கக்கூடாது. காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் நேற்று ஓடியது இன்று நிற்கிறது. பழங்கிரேக்கர்கள் பெரும்பாலும் உறையவைத்தது பாலாடைக்கட்டிக்காக. அதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளையோ அத்திமரத்தின் பாலையோ கலந்தார்கள். அத்திப்பாலில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. அது பட்டதும் ஆட்டுப்பால் திரண்டுவிடும். ‘இலியட்’டின் 5-ஆம் பாகத்தில் போர்த்தெய்வமான ஏரீஸுக்குக் காயம் படுகிறது. வைத்தியத் தெய்வம் மருந்து வைத்ததும் காயம் மூடிக்கொள்கிறது. எவ்வளவு விரைவாக என்று சொல்ல, அத்திப்பால் விட்டுக் கலக்கும்போதே வெண்பால் திரள்வதுபோல என்கிறார் ஹோமர். அங்கேயும் இதே வினை, ஒரு முன்னொட்டோடு வருகிறது. குளிர் இரவில் போர்வீரர்களின் கேடயங்களைச் சுற்றிப் பனி உறைவதற்கும், கப்பல் உடைந்து நீந்திக் கரையேறியவர்களின் உடம்பில் உப்பு படிந்து கெட்டியாவதற்கும் இதே சொல்லை அவர் வைக்கிறார்.

ஆக, சொல்லின் அடியில் இருக்கும் படம் இது: நிலையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று திரண்டு, தனக்கென்று ஓர் உருவம் கொண்டு நிற்பது. குழந்தைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கத் தோன்றும். பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தியவர்களுக்கு அந்தக் கேள்வி வராது என்று நினைக்கிறேன். கழுத்து நிற்காது, முதுகு நிற்காது, கையில் வழிந்துவிடும்போல இருக்கும். நாளுக்குப் பலமுறை பால் போகப் போக அந்த உடம்பில் மெல்ல ஒரு திடம் சேர்கிறது. அரிஸ்டாட்டில் இதைக் கருப்பைக்குள்ளேயே கொண்டுபோனார். விலங்குகளின் பிறப்பைப் பற்றிய நூலில், ஆணின் வித்து பெண்ணின் இரத்தத்தைத் திரட்டுவது, உறைபொருள் பாலைத் திரட்டுவதுபோல என்று எழுதினார். அறிவியலாக அது தவறு. ஆனால் உயிர் உருவாவதை நினைத்ததும் ஒரு கிரேக்கர் மனதில் பால் உறையும் பாத்திரம் வந்து நின்றது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நம் ‘வளர்’ வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வளர்வது என்றால் நீள்வது, உயர்வது, பெருகுவது. பிள்ளை வளர்கிறது, நாம் வளர்க்கிறோம். கிரேக்கத்தில் பெருகுவதற்கு, அளவு கூடுவதற்கு ‘அவுக்ஸோ’ என்று தனி வினை இருக்கிறது. த்ரெஃபோ உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உள்ளே சேரும் திடத்தைப் பற்றிப் பேசுகிறது. இருந்தும் பயன்பாட்டில் இரண்டும் வியப்பூட்டும்படி பக்கத்தில் நடக்கின்றன. நாம் முடி வளர்க்கிறோம்; ‘இலியட்’டின் நாயகன் அக்கிலீஸும் தன் ஊர் ஆற்றுக்கு நேர்ந்துகொண்டு வளர்த்த முடியை நண்பனின் சிதையருகே வெட்டுகிறான், அங்கே வினை இதுதான். நாம் நாய் வளர்க்கிறோம், பகை வளர்க்கிறோம். அவர்கள் குதிரை வளர்த்தார்கள், படை வளர்த்தார்கள், நோயையும் ‘வளர்த்தார்கள்’.

படிக்கத் தொடங்குபவர்களை அலைக்கழிக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சொல் சில இடங்களில் ‘த’ ஒலியோடும், சில இடங்களில் காற்றுச் சேர்ந்த கனமான ‘த்ஹ’ ஒலியோடும் தொடங்கும். நிகழ்காலத்தில் மென்மை, எதிர்காலத்தில் கனம். பழைய வடிவத்தில் சொல்லின் முதலிலும் முடிவிலும் இரண்டு காற்றொலிகள் இருந்தன. அடுத்தடுத்த அசைகளில் அப்படி இரண்டு வந்தால் கிரேக்கம் முதலாவதை விட்டுவிடும். பின்னால் இருப்பது வேறு காரணத்தால் மறைந்தால், முன்னால் இருப்பது திரும்பி வந்துவிடும். இதை 1863-இல் விளக்கியவர் ஹெர்மன் கிராஸ்மன். அவர் கணிதத்திலும் பெயர் பெற்றவர். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாததால், இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் ‘த்’ என்றே எழுதுகிறேன்.

இந்த வேரிலிருந்து வந்த பெயர்ச்சொற்கள் நமக்கு அன்னியமல்ல. உணவு, ஊட்டம், வளர்ப்பு மூன்றுக்கும் சேர்த்து ‘த்ரொஃபே’ என்று ஒரே சொல். தசை வற்றிப்போவதை மருத்துவர்கள் அட்ராபி என்பது ‘ஊட்டமின்மை’. தசைச் சிதைவு நோயின் பெயரில் வரும் டிஸ்ட்ரோபி ‘கெட்ட ஊட்டம்’. ஏரியில் கழிவும் உரமும் சேர்ந்து பாசி மண்டுவதற்கு யூட்ரோபிகேஷன் என்று சூழலியலில் சொல்கிறார்கள். ‘நல்ல ஊட்டம்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அது வந்தது. வெற்றிக்குக் கொடுக்கும் டிராபி மட்டும் இந்தக் குடும்பமல்ல. போர்க்களத்தில் எதிரி புறங்காட்டித் திரும்பிய இடத்தில் நட்ட நினைவுச் சின்னத்தின் பெயர் அது. ‘திரும்புதல்’ என்ற வேறொரு வேரிலிருந்து வந்தது.

இனி மனிதர்களிடம் வருவோம். அக்கிலீஸின் தாய் தெதிஸ் கடல்தேவதை. தன் மகன் விரைவில் சாகப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். ‘இலியட்’டின் 18-ஆம் பாகத்தில் அவள் அழுது சொல்வது: இளங்கொம்புபோல அவன் நிமிர்ந்தான், தோட்டத்து நல்ல மண்ணில் ஒரு செடியை வளர்ப்பதுபோல அவனை வளர்த்து, கப்பலேற்றிப் போருக்கு அனுப்பினேன், இனி அவன் வீடு திரும்பி நான் வரவேற்கப் போவதில்லை. அவன் வீரத்தை அவள் அந்த வரிகளில் பெரிதாகப் பேசவில்லை. வளர்த்ததைப் பேசுகிறாள்.

மண்ணே வளர்க்கும் என்றும் சொன்னார்கள். ஒடிசியஸ் தன் தீவான இத்தாக்காவைப் பற்றிப் பேசும்போது, கரடுமுரடான பூமிதான், ஆனால் பிள்ளைகளை நன்றாக வளர்க்கும் பூமி என்கிறான். ‘கூரோத்ரொஃபோஸ்’, அதாவது பிள்ளை வளர்ப்பவள், என்பது அங்கே வரும் சொல். ஹெசியட் என்ற கவிஞர் அதே பட்டத்தைச் சமாதானத்துக்குக் கொடுத்தார். போர் இல்லாத நாட்டில்தான் பிள்ளைகள் ஆளாகிறார்கள் என்பதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இதைவிடச் சுருக்கமாக அதைச் சொன்னவர்களை நான் படித்ததில்லை.

பெறுவது வேறு, வளர்ப்பது வேறு, கற்பிப்பது வேறு என்று கிரேக்கர்கள் அடிக்கடி மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். பிளேட்டோவின் ‘கிரிட்டோ’வில், சிறையில் இருக்கும் சாக்ரடீஸிடம் ஏதென்ஸின் சட்டங்களே வந்து பேசுவதாக ஓர் இடம் உண்டு. நீ பிறந்ததும், வளர்க்கப்பட்டதும், கல்வி பெற்றதும் எங்களால்தானே என்று அவை கேட்கும். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 22-ஆம் அதிகாரத்தில் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அதே வரிசைதான்: தர்சுவில் பிறந்தவன், இந்த நகரத்தில் வளர்க்கப்பட்டவன், கமாலியேலின் பாதத்தருகே கற்றவன். நடுவில் நிற்பது இரண்டு இடத்திலும் த்ரெஃபோவின் ஒரு வடிவம்.

மூன்றில் முதலாவதைத் தாயும் தந்தையும் செய்கிறார்கள். மூன்றாவதை ஆசிரியர் செய்கிறார். நடுவில் இருப்பதைச் செய்பவர் யார்? பெரிய வீடுகளில் அது பெரும்பாலும் ஓர் அடிமைப் பெண். ஒடிசியஸை வளர்த்த யூரிக்லியாவை அவன் தந்தை இருபது மாடுகளின் விலை கொடுத்து வாங்கியிருந்தார்.

இந்தக் கேள்வியை மேடையிலேயே வைத்துத் தீயாக்கியவர் நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ். கி.மு. 458-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அவருடைய மூன்று நாடகங்களில் நடுவில் உள்ளதைத்தான் சொல்கிறேன். அரசி கிளைட்டெம்னெஸ்ட்ரா கணவனைக் கொன்றுவிட்டாள். சிறுவயதிலேயே வெளியே அனுப்பப்பட்ட மகன் ஒரெஸ்டெஸ், பழிவாங்க மாறுவேடத்தில் வந்து, ‘ஒரெஸ்டெஸ் இறந்துவிட்டான்’ என்று தானே செய்தி சொல்கிறான். அதைக் கேட்டு உடைந்து அழுதுகொண்டு ஒரு கிழவி வருகிறாள். ஒரெஸ்டெஸின் வளர்ப்புத்தாயான கிலிஸா அவள். பெயருக்குப் பொருள் ‘கிலிக்கியா நாட்டுக்காரி’ என்பதுதான். சொந்தப் பெயர்கூட நாடகத்தில் அவளுக்கு இல்லை.

அவள் பேச்சு கிரேக்க நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. தாயின் கையிலிருந்து வாங்கி நான் வளர்த்தேனே என்கிறாள். இரவில் வீறிட்டு அழுது எழுப்பிய கதையைச் சொல்கிறாள். அறிவு வராத குழந்தையை ஒரு கன்றைப்போலப் பார்த்துத்தான் வளர்க்க வேண்டும், துணியில் சுற்றிக் கிடக்கும் பிள்ளைக்குப் பசியா, தாகமா, சிறுநீர் முட்டுகிறதா என்று வாயால் சொல்லத் தெரியாது, அதன் வயிறு யாரையும் கேட்டு நடக்காது என்கிறாள். முன்கூட்டியே ஊகிக்கப் பார்ப்பேன், பலமுறை தவறிவிடும், பிறகு துணியைத் துவைப்பேன். வண்ணாத்தியும் வளர்ப்பவளும் நான் ஒருத்தியே என்கிறாள். அரசர்களும் தெய்வங்களும் பேசும் மேடையில் ஈரத்துணியைப் பற்றி ஒரு கிழவி பேசுகிறாள். த்ரெஃபோ என்ற சொல்லுக்குள் அடங்கிய அன்றாட வேலை முழுவதும் இங்கே கண்முன் விரிகிறது.

சற்று நேரம் கழித்து, ஒரெஸ்டெஸ் வாளோடு தாய் முன்னால் நிற்கிறான். அவள் தன் மார்பைக் காட்டுகிறாள். பல்லில்லாத ஈறுகளால் தூக்கக் கலக்கத்தோடு நீ பால் குடித்த மார்பு இது என்கிறாள். பிறகு, நான் உன்னை வளர்த்தேன், உன்னோடு இருந்து முதுமையடைய விரும்புகிறேன் என்கிறாள். அந்த ‘வளர்த்தேன்’ இதே வினைதான். பார்த்துக்கொண்டிருப்பவர்களின் காதில் கிலிஸாவின் குரல் இன்னும் அடங்கவில்லை. சில வரிகள் கழித்து ஒரெஸ்டெஸ் சொல்லும் பதிலை மூலத்தில் கவனித்துப் படிக்க வேண்டும்: என்னைப் பெற்றாய், பெற்றுத் துயரத்தில் எறிந்தாய். ‘பெற்றாய்’ என்று ஒப்புக்கொள்கிறான். ‘வளர்த்தாய்’ என்ற சொல்லை அவன் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஒரெஸ்டெஸ் தாயைக் கொன்றுவிடுகிறான். மூன்றாவது நாடகத்தில் அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. பழிதீர்க்கும் பெண்தெய்வங்கள் கேட்கின்றன: தன் வயிற்றுக்குள் வைத்து அவள் உன்னை எப்படி வளர்த்தாள், கொலைகாரனே? மறுபடியும் த்ரெஃபோ, இந்த முறை கருப்பைக்குள். ஒரெஸ்டெஸுக்காகப் பேசும் அப்பொல்லோ தெய்வம் சொல்லும் பதில் கொடுமையானது. தாய் என்பவள் பெற்றவளே அல்ல, ஆண் விதைத்ததை வைத்துப் பேணும் ‘த்ரொஃபோஸ்’ மட்டுமே, அதாவது செவிலி மட்டுமே என்கிறான். வாக்குகள் சரிபாதியாகி ஒரெஸ்டெஸ் விடுதலையாகிறான். கிலிஸா கண்ணீரோடு சொன்ன அதே பணி இங்கே ‘வெறும்’ பணியாகச் சுருக்கப்படுகிறது. தாயைச் சிறுமைப்படுத்த வேண்டுமென்றால் அவளைச் செவிலி என்று சொன்னால் போதும் என்று அந்த வாதம் நினைக்கிறது. ஒரே நாளில் மூன்று நாடகங்களையும் பார்த்த ஏதென்ஸ்காரர்களில் சிலருக்காவது அது உறுத்தியிருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

வளர்ப்பு என்றால் கடன் என்ற எண்ணமும் இந்தச் சொல்லோடு பிறந்தது. வளர்த்தவர்களுக்குப் பிள்ளைகள் திருப்பிச் செய்ய வேண்டியதற்கு ‘த்ரெப்த்ரா’ என்று பெயர். ‘இலியட்’டின் 4-ஆம் பாகத்தில் சிமோயிஸியஸ் என்ற இளைஞன் சாகிறான். ஆட்டு மந்தையைப் பார்க்கப் பெற்றோருடன் போன தாய், மலையிலிருந்து இறங்கி வரும்போது சிமோயிஸ் ஆற்றங்கரையில் அவனைப் பெற்றாள். அதனால் அந்தப் பெயர். பெற்றோருக்கு த்ரெப்த்ராவைத் திருப்பித் தராமலே அவன் ஆயுள் முடிந்தது என்று ஹோமர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். கி.மு. 431-இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகத்தில், தன் பிள்ளைகளைக் கொல்லத் துணிந்த மெடியா அவர்களைப் பார்த்து, வீணாகத்தான் உங்களை வளர்த்தேன் என்று புலம்புகிறாள். முதுமையில் நீங்கள் என்னைப் பார்த்துக்கொள்வீர்கள், செத்தால் உங்கள் கையால் அடக்கம் செய்வீர்கள் என்று எத்தனை ஆசை வைத்திருந்தேன் என்கிறாள்.

கடன் இரு பக்கமும் உண்டு என்று சட்டம் எழுதியவர் சோலோன். கி.மு. 594-இல் ஏதென்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்காத தந்தையை, முதுமையில் அந்த மகன் காப்பாற்ற வேண்டிய கட்டாயமில்லை என்று அவர் விதித்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த வாக்கியத்தில் மகன் தந்தையைக் ‘காப்பாற்றுவது’ என்பதற்கும் த்ரெஃபோதான். பிள்ளைக்குச் சோறூட்டும் வினை, கிழவனுக்குச் சோறூட்டும் வினையாகவும் நிற்கிறது.

இந்தக் கடன் பேச்சின் இருண்ட பக்கமும் உண்டு. பிறந்தவுடன் வீதியில் விடப்பட்ட குழந்தையை ஒருவர் எடுத்து வளர்த்தால், அந்தப் பிள்ளையை ‘த்ரெப்தோஸ்’ என்றார்கள். வளர்க்கப்பட்டது என்று பொருள். எடுத்தவர் அன்போடு வளர்த்ததும் உண்டு, அடிமையாக்கிக்கொண்டதும் உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியின் வடக்கே உள்ள பித்தினியாவை ஆண்ட பிளினி இதைப் பற்றி ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டார். சுதந்திரமாகப் பிறந்து, வீசப்பட்டு, அடிமையாக வளர்க்கப்பட்டவர்களின் நிலை என்ன? லத்தீனில் எழுதிய கடிதத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் கிரேக்கத்திலேயே விட்டார். டிராஜனின் பதில் தெளிவாக இருந்தது: அவர்கள் சுதந்திரம் கோரினால் மறுக்கக்கூடாது, வளர்த்த செலவைக் கொடுத்து அதை அவர்கள் வாங்க வேண்டியதும் இல்லை.

கடைசியாக, தமிழில் பலர் அறியாமலே படித்துவரும் ஓர் இடம். த்ரெஃபோவின் முன்னால் ‘எக்’ என்ற ஒட்டைச் சேர்த்தால் எக்த்ரெஃபோ, முழுவதுமாக வளர்த்து ஆளாக்குதல். கிலிஸா சொன்ன ‘வளர்த்தேன்’ இந்த வடிவம்தான். மெடியா சொன்னதும் இதுவே. புதிய ஏற்பாட்டில் இது இரண்டே இடத்தில் வருகிறது, இரண்டும் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில். ஆறாம் அதிகாரத்தில், “பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக” என்ற வசனத்தில் ‘வளர்ப்பீர்களாக’ என்பது ஒன்று. அதற்கு முந்தைய அதிகாரத்தில், ஒவ்வொருவனும் தன் மாம்சத்தைப் ‘போஷித்துக் காப்பாற்றுகிறான்’ என்று வரும் ‘போஷித்து’ என்பது மற்றது. மூலத்தில் ஒரே வினை, தமிழில் இரண்டு சொற்களாகப் பிரிந்து நிற்கிறது. அதனால் முதல் வசனத்தைக் கேட்கும்போது நம் காதில் சிட்சைதான் பெரிதாக விழுகிறது. கிரேக்கத்தில் வாசித்தவர்களுக்கு, சில வரிகளுக்கு முன் தன் உடம்புக்குச் சோறூட்டிக் கதகதப்பாக வைத்துக்கொள்பவனைப் பற்றிச் சொன்ன அதே வினை, இப்போது தகப்பன்மாரைப் பார்த்துப் பேசுகிறது.

‘காப்பாற்றுகிறான்’ என்று அங்கே தமிழில் வருவது ‘தால்போ’ என்ற வினை. சூடு கொடுத்துப் பேணுதல் என்பது அதன் பொருள். அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், பவுல் தன்னையும் தன் கூட்டாளிகளையும் பற்றி, “பால்கொடுக்கிற தாயானவள் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதுபோல” உங்களிடம் நடந்துகொண்டோம் என்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பால்கொடுக்கிற தாய்’ என்று எழுதிய இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘த்ரொஃபோஸ்’. அப்பொல்லோ ஏளனமாகச் சொன்ன அதே சொல். கண்ணீரோடு வந்த கிலிஸாவைப் பார்த்து நாடகத்தின் பாடற்குழு சொன்னதும் அதுதான்: இதோ, ஒரெஸ்டெஸின் த்ரொஃபோஸ் அழுதுகொண்டு வருகிறாள்.